வகுப்பறை விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுங்கள்

கொழும்பிலுள்ள தமிழ் மொழிமூலப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், பகுதித் தலைவர்களுக்கும், வகுப்பாசிரியர்களுக்கும், வலயக் கல்வி அலுவலகத்தில் நமக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

முதலாம் தவணை தொடங்கும் வாரத்தில் நம் எல்லா வகுப்புகளிலும் ஒரு வேலை நடக்கும். பிரிஸ்டல் போர்ட் ஒன்று வாங்கிவரச் சொல்வோம். கையெழுத்து அழகான பிள்ளையைக் கூப்பிட்டு ‘வகுப்பறை விதிகள்’ என்று தலைப்புப் போடச் செய்வோம். நேரத்துக்கு வர வேண்டும், சத்தம் போடக்கூடாது, வகுப்பைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும், ஆசிரியர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று எழுதுவித்துச் சுவரில் ஒட்டுவோம். பெரும்பாலும் போன வருடத்து விதிகளே அவை. ஒட்டிய பிறகு அதை ஒரு பிள்ளை நின்று வாசித்து நான் பார்த்ததில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த விதிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி எழுதுங்கள். ஆசிரியரையும் கட்டுப்படுத்தும் விதிகளாக இருக்கட்டும். சரிவராத விதியைத் தவணை முடிவில் மாற்றவும் இடம் கொடுங்கள்.

சின்ன விஷயத்துக்கு ஏன் திறந்த மடல் என்று நினைக்கலாம். நான் இடைநிலை வகுப்புகளுக்குக் குடியியற் கல்வி படிப்பிக்கிறேன். ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, முரண்பாடு தீர்த்தல் எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை பிரஜையின் கடமைகளைச் சொல்கிறது: பொதுச் சொத்தைப் பாதுகாப்பது, மற்றவரின் உரிமைகளை மதிப்பது, இயற்கையைப் பேணுவது. பிள்ளைகள் இதையெல்லாம் பாடமாக்கி எழுதிப் புள்ளியும் வாங்குகிறார்கள். மணி அடித்ததும் அவர்கள் திரும்பிப் போகிற வகுப்பறை வேறொன்றைப் படிப்பிக்கிறது. காலை 7.30 முதல் 1.30 வரை அவர்கள் ஒரு ஆட்சிக்குக் கீழே இருக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே அவர்கள் காணும் முதல் ஆட்சி அது. பத்து வயதிலும் பதின்மூன்று வயதிலும் அங்கே கண்டதைத்தான் பெரியவர்களான பிறகு நாட்டிலும் எதிர்பார்ப்பார்கள்.

பேசுபவர் பெயரை எழுதும் வழக்கத்தைப் பாருங்கள். ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்புத் தலைவரின் கையில் வெண்கட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தப் பிள்ளை கரும்பலகையின் ஓரத்தில் பெயர்களை எழுதுகிறது. மறுபடி பேசினால் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி, இன்னும் பேசினால் இன்னொன்று. நெருங்கிய சிநேகிதியின் பெயர் அதில் வராது. காலையில் சண்டை பிடித்தவனின் பெயர் வாய் திறக்காமலே வந்துவிடும். டொபி கொடுத்தால் பெயர் அழியும். ஆசிரியர் திரும்பி வந்து, பட்டியலை மட்டும் பார்த்து, பெயருள்ளவர்களை எழுப்பி நிற்க வைக்கிறார். ‘நான் பேசவில்லை டீச்சர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது எதிர்த்துப் பேசியதாகிவிடுகிறது. முறைப்பாடு செய்தவரே சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேச இடமில்லை. மேலே இருப்பவருக்கு வேண்டியவர் தப்பிக்கலாம். இதையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கரும்பலகை படிப்பித்துவிடுகிறது. பொலிஸ் நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ ‘தெரிந்த ஆள் யாரும் இருக்கிறார்களா’ என்று முதலில் தேடுகிற பழக்கம் வேறெங்கிருந்து வருகிறது?

ஒருவர் செய்ததற்கு முழு வகுப்பையும் எழுப்பி நிற்க வைப்பது இதைவிட மோசம். யார் விசிலடித்தது என்று தெரியாது, ஆகவே எல்லோரும் நில்லுங்கள் என்கிறோம். கொழும்புத் தமிழர் நமக்கு இது எப்படிப்பட்ட நீதி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியா உள்ளிட்ட ஊர்களுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் வெளிநாடு போகக் காத்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள். யாரோ ஒருவர் மேல் இருக்கக்கூடிய சந்தேகம் எல்லோருக்கும் தண்டனையானது. மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற சிவில் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. இன்று தரம் 8இல் இருக்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அதே பிள்ளைகளை விசில் சத்தத்துக்காக நாற்பது பேராக நிற்க வைத்துவிட்டு, அடுத்த பாடவேளையில் அடிப்படை உரிமைகள் என்று நான் எழுதினால் அவர்கள் எதை நம்புவார்கள்?

துப்புரவு வேலையைத் தண்டனையாகக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாதவன் வகுப்பைக் கூட்டட்டும், பிந்தி வந்தவள் கழிவறைக்குத் தண்ணீர் ஊற்றட்டும் என்று சொல்லும்போது, கூட்டுவது அவமானம் என்று நாற்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். விடியமுன் காலி வீதியையும் புறக்கோட்டையையும் கூட்டுகிற மாநகர சபைத் தொழிலாளர்களில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் மட்டக்குளியிலும் ‘தோட்டம்’ என்று நாம் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் இருந்து நம் வகுப்புகளுக்குத்தான் வருகிறார்கள். தங்கள் அப்பாவின் தொழில் இன்னொரு பிள்ளைக்குத் தண்டனையாகக் கொடுக்கப்படுவதை அவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி, வருடப்பிறப்பு அன்று, மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கொழும்பு முழுவதும் வருடக்கணக்கில் கொட்டிய குப்பை அது. அதே வருடம் நாடு முழுவதும் 180,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்தது. பாடசாலைத் தோட்டங்களில் சிரட்டையும் யோகட் கப்பும் பொறுக்கியது நினைவிருக்கும். குப்பை யாருடைய பொறுப்பு என்பதை விடப் பெரிய குடியியற் பாடம் இந்த நகரத்தில் இல்லை. அதைத் தண்டனைக்கு ஒதுக்கிவிட்டால் யார் விரும்பிச் செய்வார்கள்? முறைவைத்து எல்லோரும் கூட்டட்டும், ஆசிரியரும் தன் மேசையைத் தானே துடைக்கட்டும்.

தண்டப்பணம் வாங்கும் வகுப்புகளும் உண்டு. பிந்தினால் இவ்வளவு, புத்தகம் மறந்தால் இவ்வளவு. வசதியான பிள்ளை கொடுத்துவிட்டுப் போகும், இல்லாத பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கே வராது. சேர்ந்த காசுக்குக் கணக்கு எங்கே என்று பிள்ளைகள் கேட்பதுமில்லை. இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அடிப்பதைப் பற்றியும் நீளமாக எழுதத் தேவையில்லாமல் இருக்க வேண்டும். உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தில் சொல்லிவிட்டது. ஆசிரியர் அறைந்ததில் காது கேளாமல்போன ஒரு மாணவரின் வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. இருந்தும் அடிமட்டம் இன்னும் மேசையில் கிடக்கிறது. ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள்’ என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இன்னும் வருகிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லலாம்: நாட்டின் சட்டத்தை மீறித்தான் உங்கள் பிள்ளைக்கு விதிகளை மதிக்கப் பழக்க வேண்டுமென்றால், அந்தப் பிள்ளை எதைப் பழகும்?

சரி, வேறு எப்படிச் செய்வது? எங்கள் தரம் 8 வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பிந்தி வருவதைப் பற்றிப் பேசினோம். ‘ஏழரைக்குப் பிந்தினால் வெளியே நிற்க வேண்டும்’ என்பதுதான் பழைய விதி. மட்டக்குளியில் இருந்து வரும் ஒரு பிள்ளை எழும்பி, ‘டீச்சர், நான் அஞ்சு மணிக்கே எழும்பிடுறேன். வான் அங்கிள் மற்றப் பிள்ளைகளை ஏத்திக்கொண்டு ஆமர் வீதி டிரபிக்ல நிண்டு வரத்தான் லேட் ஆகுது. என்னை ஏன் வெளியே நிப்பாட்டுறீங்க?’ என்று கேட்டாள். பக்கத்து மேசைப் பையன், ‘ஆனா நீ உள்ளே வரும்போது கதிரை இழுக்கிற சத்தத்தில டீச்சர் சொன்னது எங்களுக்கு விளங்குறதில்ல’ என்றான். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பாதிக்கப்படுவது யார், எதனால் என்பதை அவர்களே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் எழுதிய விதி இது: பிந்தி வருபவர் பின்கதவால் சத்தமில்லாமல் வந்து கடைசி மேசையில் உட்கார வேண்டும், அந்த மேசையில் இருப்பவர் அதுவரை எழுதிய குறிப்பைக் காட்ட வேண்டும். பிந்தி வந்தவருக்கு ஒரு கடமை, ஏற்கெனவே இருப்பவருக்கும் ஒரு கடமை. நான் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்த இரண்டாவது பாதி எனக்குத் தோன்றியிருக்காது. வேண்டுமென்றே பிந்துகிறவர்களை என்ன செய்வது என்றும் கேட்டேன். வீட்டுக்குச் சொல்ல வேண்டும், ஆனால் முதலில் அவரிடமே காரணம் கேட்க வேண்டும் என்றார்கள்.

அப்புறம் மின்விசிறி. நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு மின்விசிறி; அதில் ஒன்று பெயருக்குத்தான் சுற்றும். மார்ச், ஏப்ரலில் கொழும்பு வெக்கையில் நல்ல மின்விசிறிக்குக் கீழே இருப்பது சும்மா விஷயமில்லை. அந்த இடங்களில் எப்போதும் புள்ளி கூடிய பிள்ளைகளும் கெட்டிக்காரப் பேச்சுள்ள பிள்ளைகளும்தான் இருந்தார்கள். வாரத்துக்கு ஒரு வரிசை மாறுவது என்று முடிவானது. உடனே ஒரு பையன், ‘அவள் முன்னுக்கே இருக்கட்டும், கண்ணாடி போட்டும் அவளுக்குப் பலகை தெரியாது’ என்று இன்னொரு பிள்ளையைக் காட்டிச் சொன்னான். ஒருவரும் மறுக்கவில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. பெண்களுக்கும் சிறுவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விசேட ஏற்பாடு செய்யலாம் என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. சமம் என்றால் ஏன் சிலருக்கு மட்டும் தனி ஏற்பாடு என்று பிள்ளைகள் வழமையாகக் குழம்புகிற இடம் இது. இந்த முறை யாரும் குழம்பவில்லை. அவர்களே ஏற்கெனவே அதை எழுதிவிட்டார்கள்.

அந்த விதியைப் பிறகு திருத்தவும் செய்தார்கள். திங்கட்கிழமை காலையில் வரிசை மாறும்போது மேசைக்குள் இருந்த கொப்பிகள் இடம் மாறிக் காணாமல்போயின, முதல் பாடவேளையில் கால்வாசி அதிலேயே போனது. வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு மாறுவது என்று மாற்றினார்கள். ஒரு விதி பிழையாகப் போனால் அதைச் செய்தவர்களைத் திட்டிக்கொண்டிருக்காமல், கூடிப் பேசி மாற்றலாம் என்று அந்த வயதில் தெரிந்துகொள்வது பெரிய விஷயம். அதற்காகத்தான் தவணைக்கு ஒருமுறையாவது விதிகளை எடுத்துப் பாருங்கள் என்கிறேன்.

கைப்பேசி வகுப்பில் ஒலிக்கக்கூடாது என்றும் எழுதினார்கள். பிள்ளைகளிடம் கைப்பேசி கிடையாது. அந்த விதி எனக்காக எழுதியது. அன்றிலிருந்து வகுப்புக்குள் போகமுன் என் போனை சைலண்டில் போடுகிறேன். ஒருவர் பேசி முடியும்வரை மற்றவர் குறுக்கே பேசக்கூடாது என்பதும் என்னைச் சேர்த்துத்தான். வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள் இருப்பதால் நோன்பு மாதத்தில் இடைவேளைச் சாப்பாட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருத்தி கேட்டாள். ‘எங்களுக்காக ஒளிச்சுச் சாப்பிட வேணாம், எங்களைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாட்டிப் போதும்’ என்று பதில் வந்தது. அதையும் அப்படியே எழுதிக்கொண்டோம்.

பிள்ளைகளிடம் விட்டால் தளர்ந்த விதிகளைத்தான் எழுதுவார்கள் என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். நான் கண்டது வேறு. அவர்கள் எழுதும் தண்டனைகள் நம்முடையதைவிடக் கடுமையாக இருக்கும். வாசிப்புப் புத்தகத்தைக் கிழித்தவரை ஒரு மாதத்துக்கு இடைவேளைக்கு வெளியே விடக்கூடாது என்று முதலில் எழுதினார்கள். ‘தெரியாமல் கிழிந்தால்? அது உன் கையில் கிழிந்தால்?’ என்று கேட்பதுதான் அங்கே ஆசிரியரின் வேலை. கிழித்தவரே உட்கார்ந்து ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்று அது மாறியது. உடைத்ததைத் திருத்து, நோகச் சொன்னால் போய்ப் பேசு, எடுத்ததைத் திருப்பிக் கொடு. அநேகமான தவறுகளுக்கு இது போதும்.

ஆசிரியப் பயிற்சியில் ஜீன் பியாஜே என்ற உளவியலாளரை எல்லோரும் படித்திருக்கிறோம். 1930களின் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தில் பிள்ளைகள் மாபிள் விளையாடுவதைக் கவனித்து அவர் எழுதினார்: சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் தந்த, தொடக்கூடாத ஒன்று, ஆனால் விளையாடும்போது அதைப் பின்பற்றுவதும் இல்லை, வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தங்களுக்குள் செய்த உடன்பாடு, மாற்றலாம் என்றும் தெரியும், அதனாலேயே கவனமாகக் கடைப்பிடிக்கிறார்கள். இதைப் பார்க்க சுவிற்சர்லாந்து போக வேண்டாம். கொட்டாஞ்சேனை ஒழுங்கை ஒன்றில் பின்னேரம் ஐந்து மணிக்கு நின்றால் போதும். மதிலுக்கு மேலால் போனால் அவுட், அடித்தவரே போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும், சின்னவனுக்கு முதல் பந்தில் அவுட் இல்லை, ஆட்டோ வந்தால் அந்தப் பந்து கணக்கில்லை. யாரும் எழுதி ஒட்டவில்லை. நடுவரும் இல்லை. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதே பையன்கள்தான் மறுநாள் காலையில் நம் வகுப்பில் உட்கார்ந்து, விதிகளை மதிக்கத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்குகிறார்கள்.

எல்லாவற்றையும் வாக்குக்கு விடச் சொல்லவில்லை. பாடசாலை மணி, சீருடை, பாதுகாப்பு எல்லாம் வகுப்பின் கையில் இல்லை. ஏன் இல்லை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும். வகுப்பின் பெரும்பான்மைக்கும் எல்லை உண்டு. ஒரு பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்பதை முப்பத்தொன்பது பேர் கைதூக்கித் தீர்மானிக்க முடியாது. 1956இல் தனிச் சிங்களச் சட்டமும் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை வாக்கால்தான் நிறைவேறியது. கைகளை எண்ணுவதோடு ஜனநாயகம் முடிந்துவிடுவதில்லை என்பதை நம் பிள்ளைகள் வேறு யாரையும்விட முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும்.

நேரம் இல்லை என்ற பதில் வரும். பாடத்திட்டம், புலமைப்பரிசில், சாதாரண தரம், தமிழ்த் தினப் போட்டி, விளையாட்டுப் போட்டி. எனக்கும் அதே நேரசூசிதான். நாற்பது நிமிடப் பாடவேளை இரண்டு போதும், அப்புறம் தவணை முடிவில் இன்னொன்று. தரம் 6 முதல் 9 வரை அதைக் குடியியற் கல்விப் பாடவேளையிலேயே எடுக்கலாம். அந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியவில்லை. மாணவர் பாராளுமன்றம் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் சில பிள்ளைகள்தான் உறுப்பினராகிறார்கள். வகுப்பறையில் கடைசி மேசைப் பிள்ளையும் பேசலாம். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை கொடுக்கிறது. அது மாணவத் தலைவர் பட்டி போட்ட பிள்ளைக்கு மட்டும் உரியதில்லை.

அதிபர்களே, அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு முடிவுகளை எடுங்கள்: முழு வகுப்புக்கும் சேர்த்துத் தண்டனை கொடுப்பதில்லை, துப்புரவு வேலையைத் தண்டனையாகக் கொடுப்பதில்லை. இவற்றுக்குக் காசும் தேவையில்லை, மேலிடத்து அனுமதியும் தேவையில்லை. ஒழுக்காற்றுக் குழு ஒரு பிள்ளையை விசாரிக்கும்போது அந்தப் பிள்ளை சொல்வதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வலயத்தில் இருந்து வருகிறவர்களே, வெளிவாரி மதிப்பீட்டுக்கு வரும்போது சுவரில் விதிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று மட்டும் பார்க்காதீர்கள். கடைசி வரிசையில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, ஏதாவது ஒரு விதியைக் காட்டி, ‘இது ஏன்?’ என்று கேளுங்கள். பிறகு, ‘இது பிழை என்று நினைத்தால் நீ என்ன செய்யலாம்?’ என்றும் கேளுங்கள். அந்த இரண்டு பதில்களையும் அறிக்கையில் எழுதுங்கள்.

வகுப்பாசிரியர்களே, எங்கள் பிள்ளைகள் எழுதிய விதிகளைக் கேட்டால் சந்தோஷமாகத் தருவேன். ஆனால் அவற்றைப் பார்த்து எழுதி ஒட்டிவிடாதீர்கள். உங்கள் வகுப்பில் வேறு ஜன்னல், வேறு மின்விசிறி, வேறு வான் அங்கிள். இரண்டாம் தவணை வரப்போகிறது. அடுத்த ஜனவரி வரை காத்திருக்காமல் அந்த முதல் வாரத்திலேயே இரண்டு பாடவேளையை ஒதுக்குங்கள்.

அன்புடன்,
குடியியற் கல்வி ஆசிரியை ஒருவர்
கொழும்பு